காயம், கட்டு, கேள்வி: தற்காயத்துக்கு மருந்திடுதல் பற்றி

1

அரிவாள்மணையில் காய் நறுக்கும்போது கை தவறி வெட்டுப்பட்ட ஒருவரும், தன் கையைத் தானே வெட்டிக்கொண்ட ஒருவரும் ஒரே இரவில் ஒரே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு காயமும் ஒரே நீளம், ஒரே ஆழம். யார் வெட்டியது என்பது தோலுக்குத் தெரியாது. இரண்டு இடத்திலும் ரத்தம் ஒரே மாதிரிதான் உறையும், ஒரே வகைக் கிருமிதான் காத்திருக்கும், ஒரே வேகத்தில்தான் புதுத்தோல் வளரும். ஆனால் இந்த இரண்டு காயங்களும் ஒரே விதமாகக் கழுவப்படுவதில்லை. ஒரே விதமாகத் தைக்கப்படுவதுமில்லை. முதலாமவரிடம் 'கொஞ்சம் பொறுத்துக்குங்க, மரத்துப்போக ஊசி போடுறேன்' என்று சொல்கிற அதே வாய், இரண்டாமவரிடம் 'அறுத்துக்கும்போது வலிக்கலையா, இப்ப மட்டும் வலிக்குதா?' என்று கேட்கிறது. இந்த வாக்கியத்தை, அல்லது இதன் சாயலில் ஒன்றை, வார்டு வாசலில் நின்ற நம்மில் பலர் கேட்டிருக்கிறோம். இதைச் சொல்பவர் கொடுமைக்காரர் என்று நான் சொல்லவரவில்லை. பன்னிரண்டு மணி நேரமாக நின்றுகொண்டிருப்பவர், பாம்புக்கடியும் பைக் விபத்தும் வரிசையில் காத்திருக்கும்போது 'தானே வரவழைத்துக்கொண்ட' காயத்தைப் பார்க்க நேர்ந்தவர். அவர் மூலமாகப் பேசுவது அவர் மட்டுமல்ல என்பதுதான் விஷயம்.

இந்தக் கட்டுரை இரண்டு காரியங்களை ஒரே நேரத்தில் செய்யப் பார்க்கிறது. தன்னைக் காயப்படுத்திக்கொண்டவருக்கு எப்படி முதலுதவி செய்வது, பக்கத்தில் எப்படி இருப்பது என்று சொல்வது ஒன்று. இவ்வளவு எளிய காரியம் ஏன் நடக்காமல் போகிறது என்று பார்ப்பது மற்றொன்று. முன்னதைச் சுகாதாரத் துண்டுப்பிரசுரத்துக்கும் பின்னதைச் சிறுபத்திரிகைக்கும் பிரித்துக் கொடுத்துவிடுகிற வழக்கம் நமக்கு உண்டு. அப்படிப் பிரித்ததால்தான் ஒன்றுக்கு மூளையும் மற்றதற்குக் கையும் இல்லாமல் போயிற்று.

சொல் பற்றி ஒரு வார்த்தை. 'சுயவதை' என்ற சொல்லில் ஏற்கெனவே ஒரு தீர்ப்பு உட்கார்ந்திருக்கிறது. 'தற்கொலை முயற்சி' என்பது வேறு, சாவதற்காகச் செய்யப்படுவது. சாகும் எண்ணமில்லாமல், அல்லது அந்த எண்ணம் தெளிவில்லாமல், தாங்கமுடியாத ஒரு மனநிலையைக் கடப்பதற்காகத் தன் உடலைக் காயப்படுத்திக்கொள்வதைத் 'தற்காயம்' என்று சொல்லிக்கொள்கிறேன். இரண்டுக்கும் நடுவில் உறுதியான சுவர் எதுவும் கிடையாது என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். தற்காயம் செய்துகொள்பவர்களிடையே பின்னாளில் தற்கொலையால் இறப்போர் மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். எனவே 'சும்மா பாவ்லா காட்டுறா' என்பதும் தவறு. 'சாகத்தான் பார்த்தா' என்று உடனே முடிவு கட்டுவதும் தவறு. கேட்டால்தான் தெரியும். எப்படிக் கேட்பது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

2

மிஷேல் ஃபூக்கோ 1963இல் வெளியிட்ட மருத்துவமனையின் பிறப்பு பற்றிய நூலின் முன்னுரையில் ஒரு கவனிப்பு உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டு மருத்துவர் நோயாளியிடம் உனக்கு என்ன செய்கிறது என்று கேட்டார். நவீன மருத்துவர் எங்கே வலிக்கிறது என்று கேட்கிறார். முதல் கேள்வியில் நோயாளி தன் கதையைச் சொல்ல இடமிருந்தது. இரண்டாவதில் உடலின் ஒரு புள்ளி மட்டும் மிஞ்சியது. நோயாளியின் தன்னிலை கழன்று, உடல் பார்வைக்குரிய பரப்பாக மாறிய கதை இது.

தற்காயத்தின் விஷயத்தில் இந்த விமர்சனம் விசித்திரமாகத் தலைகீழாகிறது. இங்கே 'எங்கே வலிக்கிறது' என்ற அந்தக் குளிர்ந்த கேள்விகூடக் கிடைப்பதில்லை. கிடைப்பது மூன்றாவது கேள்வி: 'ஏன் செஞ்சே?' இது மருத்துவக் கேள்வி அல்ல, விசாரணைக் கேள்வி. காவலர், பாதிரியார், அப்பா, மாமியார், ஹாஸ்டல் வார்டன் எல்லோரும் கேட்கும் கேள்வி. பதில் திருப்தியாக இருந்தால்தான் மருந்து என்கிற தொனி அதில் உண்டு. ரத்தம் சொட்டிக்கொண்டிருக்கும்போது ஒருவரிடம் அவருடைய வாழ்க்கையின் காரணகாரியத்தை ஒப்பிக்கச் சொல்வது எப்பேர்ப்பட்ட அதிகாரம் என்று யோசியுங்கள். அந்த நேரத்தில் ஃபூக்கோ குறைப்பட்டுக்கொண்ட அந்த வெறும் மருத்துவப் பார்வையே ஒரு சலுகையாகத் தோன்றும்.

உளவியல் இதைப் படித்த முறையும் சுத்தமானதல்ல. கார்ல் மெனிங்கர் 1938இல் எழுதிய நூலில் தற்காயத்தைச் சின்ன அளவிலான தற்கொலையாகப் பார்த்தார். ஆனால் அதே மூச்சில், முழுச் சாவைத் தள்ளிப்போடும் ஒரு சமரசமாகவும் அதைப் பார்த்தார். இந்த இரண்டாவது பாதி வசதியாக மறக்கப்பட்டது. 1980இல் வந்த அமெரிக்க மனநோய்க் கையேட்டின் மூன்றாம் பதிப்பில் 'எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறு' என்ற வகைமை இடம்பெற்றது. தற்காயம் அதன் அடையாளங்களுள் ஒன்று. இதற்குப் பிறகு கையில் தழும்பு இருந்தால் பெயர் தயார் என்ற நிலை. பெயர் கிடைத்தவுடன், அவர் அழுதாலும் கோபித்தாலும் வலிக்கிறது என்றாலும் அது 'கோளாறு பேசுவது' ஆகிவிடுகிறது. பேசுகிறவர் காணாமல் போய்விடுகிறார். 2013இல் வந்த ஐந்தாம் பதிப்புதான் சாகும் எண்ணமில்லாத தற்காயத்தைத் தனியே எடுத்து, மேலும் ஆராயப்பட வேண்டியவற்றின் பட்டியலில் வைத்தது.

'கவனத்தை ஈர்க்கத்தான்' என்ற பிரபலமான விளக்கத்தையும் பார்த்துவிடலாம். சென்னை மே மாதத்தில் முழுக்கைச் சட்டை போட்டு, மணிக்கட்டுப் பொத்தானையும் மாட்டிக்கொண்டு அலைகிற ஒருவரைப் பற்றி நாம் இதைச் சொல்கிறோம். பெரும்பாலான தற்காயம் மறைக்கப்படுகிறது. மருத்துவமனைக்கு வராமலே ஆறுகிறது, அல்லது ஆறாமல் சீழ் வைக்கிறது. 2007இல் டேவிட் க்ளான்ஸ்கி அதுவரை நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, காரணங்களில் அதிகம் தென்பட்டது தாங்கமுடியாத உணர்ச்சியைத் தணித்துக்கொள்வது என்பதுதான். தன்னைத் தண்டித்துக்கொள்வது அடுத்தபடியாக வந்தது. பிறரை மசிய வைப்பது பின்னால்தான் வருகிறது. அப்படியே ஒருவர் கவனத்துக்காகச் செய்ததாக இருந்தாலும்தான் என்ன? கவனிப்பே இல்லாத இடத்தில் கவனத்தைக் கேட்பது எப்போது குற்றமாயிற்று?

3

இந்தக் கேள்விகளை முதலில் எழுப்பியது கோட்பாட்டாளர்கள் அல்ல, தைக்கப்பட்டவர்கள். பிரிட்டனில் மனநல மருத்துவத்துக்கு ஆளானவர்கள் 1986இல் 'சர்வைவர்ஸ் ஸ்பீக் அவுட்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். தப்பிப் பிழைத்தவர்கள் பேசுகிறார்கள் என்று பொருள். எதிலிருந்து தப்பியவர்கள் என்பதில் ஒரு இரட்டை அர்த்தம் வேண்டுமென்றே வைக்கப்பட்டிருந்தது: துயரத்திலிருந்தும், சிகிச்சையிலிருந்தும். அதே காலத்தில் பிரிஸ்டல் நகரில் பெண்கள் சிலர் நெருக்கடியில் உள்ள பெண்களுக்காக ஒரு சேவையைத் தொடங்கித் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார்கள். தற்காயம் அவர்களுடைய முக்கிய அக்கறை. அந்த அமைப்புக்காக லோயிஸ் ஆர்னால்ட் 76 பெண்களிடம் கேட்டு எழுதிய அறிக்கை 1995இல் வந்தது. அதற்கு ஓராண்டு முன்பு, 1994இல், லூயிஸ் பெம்ப்ரோக் தொகுத்த ஒரு நூலை சர்வைவர்ஸ் ஸ்பீக் அவுட் வெளியிட்டது. தற்காயம் செய்துகொண்டவர்களே தங்கள் பெயரில் தங்கள் அனுபவத்தை எழுதிய நூல் அது. எழுத்தின் ஆசிரியர், காயத்தின் ஆசிரியர் இரண்டும் ஒருவரே. 'ஆசிரியன் இறந்துவிட்டான்' என்று நாம் இங்கே கொண்டாடிக்கொண்டிருந்த வருஷங்களில், அங்கே சிலர் தாங்கள் இன்னும் இறக்கவில்லை என்று கையெழுத்துப் போட வேண்டியிருந்தது.

அவர்கள் கேட்டது புரட்சிகரமானதாகத் தோன்றாது. தைக்கும்போது மரத்துப்போகும் ஊசி போடுங்கள். மற்ற நோயாளிகளைப் போலவே வரிசைப்படி பாருங்கள். திரைக்குப் பின்னால் வைத்துப் பேசுங்கள். என்னிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். இவ்வளவுதான். இதை அரசு மருத்துவம் காகிதத்தில் ஏற்றுக்கொள்ள 2004 வரை ஆயிற்று. நைஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் பிரிட்டனின் வழிகாட்டு நிறுவனம் அந்த ஆண்டு வெளியிட்ட தற்காய வழிகாட்டலில், தன்னைக் காயப்படுத்திக்கொண்டவரை வேறெந்த நோயாளியையும் போல அதே அக்கறையோடும் மரியாதையோடும் அந்தரங்கத்தோடும் நடத்த வேண்டும் என்றும், தைப்பது போன்ற வலிக்கும் சிகிச்சை முழுவதிலும் போதிய மரப்பு மருந்தோ வலிநிவாரணியோ தர முன்வர வேண்டும் என்றும் எழுத வேண்டியிருந்தது. எழுத வேண்டியிருந்தது என்பதைக் கவனியுங்கள். அப்பெண்டிக்ஸ் அறுவை பற்றிய கையேட்டில் 'மயக்க மருந்து கொடுக்கவும்' என்று யாரும் அறிவுரை எழுதுவதில்லை. 2022இல் வந்த புதிய வழிகாட்டல் இன்னொரு படி போயிற்று. 'அபாய மதிப்பெண்' போடும் படிவங்களைக் கொண்டு இவர் மறுபடி செய்வாரா, சாவாரா என்று கணிக்காதீர்கள். அந்த மதிப்பெண்ணை வைத்து யாருக்குச் சிகிச்சை, யாருக்கு இல்லை என்று முடிவு செய்யாதீர்கள் என்றது. டப்பா டப்பாவாக டிக் அடித்து மனுஷனைப் படிக்க முடியாது என்பதை ஆய்வுகள் வழியாகவே ஒப்புக்கொண்டார்கள்.

நம் பக்கம் கதை சட்டத்திலிருந்து தொடங்குகிறது; அதுவும் அங்கிருந்து வந்த சட்டம். 1860இன் இந்திய தண்டனைச் சட்டம் 309ஆம் பிரிவு தற்கொலை முயற்சிக்கு ஓராண்டு வரை சிறை என்றது. பிரிட்டன் 1961இல் தன் வீட்டில் இதைக் கைவிட்டது. நாம் பத்திரமாக வைத்துக்கொண்டோம். இலங்கை 1998இல் நீக்கியது. இங்கே உச்ச நீதிமன்றம் 1994இல் 309 செல்லாது என்றது. 1996இல் அதே நீதிமன்றத்தின் பெரிய அமர்வு செல்லும் என்றது. பிறகு 2017இன் மனநலப் பராமரிப்புச் சட்டம், 115ஆம் பிரிவில், தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதப்பட வேண்டும், அவரை விசாரித்துத் தண்டிக்கக் கூடாது, அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்றது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 309 இடம்பெறவே இல்லை. அரசு ஊழியரை நிர்ப்பந்திப்பதற்காகத் தற்கொலைக்கு முயல்வதை மட்டும் 226ஆம் பிரிவாகப் பிடித்து வைத்திருக்கிறார்கள். உண்ணாவிரதப் போராட்டக்காரர்கள் யோசிக்க வேண்டிய விஷயம், ஆனால் அது வேறு கட்டுரை.

309 எப்போதும் தற்கொலை முயற்சியைத்தான் சொன்னது. சாகும் எண்ணமில்லாத தற்காயத்தை அல்ல. ஆனால் சட்டம் எழுதப்பட்ட வரிகளில் மட்டும் வாழ்வதில்லை. 'இது போலீஸ் கேஸ் ஆயிடும், நாங்க தொடமாட்டோம், ஜி.எச்.சுக்குப் போங்க' என்கிற சின்ன கிளினிக்கின் பயத்தில்தான் அது அதிகம் வாழ்ந்தது. இந்தப் பயத்துக்கு 1989லேயே பதில் சொல்லப்பட்டுவிட்டது. பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம், அரசு மருத்துவரோ தனியார் மருத்துவரோ, உயிர்காக்கும் அவசர உதவியைப் போலீஸ் சம்பிரதாயத்துக்காக நிறுத்தி வைக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. பதிவேட்டில் எழுதுவது எழுதட்டும். அது கட்டுப் போட்ட பிறகு. உடன் செல்பவர் இந்த ஒரு விஷயத்தையாவது தெரிந்து வைத்துக்கொண்டு, சத்தம் போடாமல், ஆனால் நகராமல் சொல்லலாம்.

4

இனி காயத்துக்கு வருவோம்.

ரத்தம் வந்தால் அழுத்து. இதைவிடப் பெரிய முதலுதவி கிடையாது. துவைத்துக் காய்ந்த பருத்தித் துணி எதுவானாலும் சரி, துண்டோ பழைய வேட்டியின் ஓரமோ, காயத்தின்மேல் வைத்து உள்ளங்கையால் அழுத்திப் பிடிக்க வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிஷம். 'நின்னுடுச்சா' என்று நடுவில் எடுத்துப் பார்க்கக் கூடாது. பார்த்தால் அப்போதுதான் உறையத் தொடங்கிய ரத்தம் பெயர்ந்து, மறுபடியும் ஆரம்பத்திலிருந்து எண்ண வேண்டியதாகிவிடும். துணி நனைந்தால் அதை உருவாமல் அதன்மேலேயே இன்னொன்று. கையையோ காலையோ நெஞ்சுக்கு மேலே உயர்த்தி வைத்துக்கொள்ளலாம். சினிமாவில் வருவதுபோல மேலே கயிறு போட்டு இறுக்குவது பயிற்சி இல்லாதவர் செய்கிற வேலை அல்ல. முடிந்தால் காயம்பட்டவரே தன் கையால் அழுத்தட்டும். சற்று முன் அவருக்கு எதிராகத் திரும்பியிருந்த கை அது.

ரத்தம் நின்ற பிறகு தண்ணீர். குடிக்கத் தகுந்த சுத்தமான தண்ணீர் போதும். குழாயிலிருந்து மெதுவாக ஓடவிட்டு ஐந்து நிமிஷமாவது கழுவ வேண்டும். சோப்பு காயத்தைச் சுற்றி, உள்ளே வேண்டாம். ஸ்பிரிட், நீர் கலக்காத டெட்டால், ஹைட்ரஜன் பெராக்சைடு இவை திறந்த புண்ணுக்குள் போகக் கூடாது. கிருமியோடு சேர்த்து, ஆற வேண்டிய திசுவையும் கொல்பவை. 'எரிஞ்சாத்தான் மருந்து' என்று ஒரு நம்பிக்கை நம்மிடம் உண்டு. சாதாரணக் காயத்தில் அது ஒரு மூடநம்பிக்கை, அவ்வளவுதான். தற்காயத்தில் அதற்கு வேறு வேலை இருக்கிறது: தண்டனை சிகிச்சையின் பெயரில் தொடர்கிறது. சிலர் தமக்குத்தாமே அப்படி மருந்து போட்டுக்கொள்வார்கள். வேண்டாம் என்று சொல்ல ஒருவர் பக்கத்தில் இருந்தால் நல்லது.

காப்பித்தூள், மஞ்சள்தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். மருத்துவமனையில் அவற்றைச் சுரண்டி எடுப்பது இன்னொரு சித்திரவதை. 'காத்தாட விடு, காயட்டும்' என்பதும் பழைய கணக்கு. ஜார்ஜ் விண்டர் என்ற ஆய்வாளர் 1962இல் பன்றிகளின் தோலில் செய்து காட்டிய சோதனை இதை மாற்றியது. காற்றில் காயவிட்டு ஏடு கட்டிய புண்ணைவிட, மூடி ஈரம் காக்கப்பட்ட புண்ணில் புதுத்தோல் ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகமாகப் படர்ந்தது. எனவே மெல்லிசாக வாசலின் தடவி, ஒட்டாத கட்டுத்துணி வைத்து மூடி, தினம் ஒரு முறை, அல்லது நனையும்போது, மாற்றினால் போதும். முதல் ஓரிரு நாள் ஓரங்களில் லேசான சிவப்பும் வீக்கமும் இயல்பு. அதற்கு மேல் சிவப்பு பரவினால், சூடு கண்டால், சீழ் வைத்தால், காய்ச்சல் வந்தால், செங்கோடு ஒன்று மேல்நோக்கி ஏறினால் அன்றே மருத்துவரிடம்.

சுட்ட காயத்துக்கு ஓடும் தண்ணீர் இருபது நிமிஷம். ஐஸ் அல்ல. பற்பசை, பேனா மை, எண்ணெய், மாவு எதுவும் அல்ல. மோதிரம், வளையல், கடிகாரத்தை வீங்குவதற்குள் கழற்றிவிட வேண்டும். கொப்புளத்தை உடைக்கக் கூடாது. முகம், கை, மூட்டு, மறைவிடம் இவற்றில் சுட்டிருந்தாலும், உள்ளங்கை அளவைவிடப் பெரிதாக இருந்தாலும் மருத்துவமனைதான்.

வெட்டுக்காயத்தில் எப்போது வீடு போதாது? பத்துப் பதினைந்து நிமிஷம் விடாமல் அழுத்தியும் ரத்தம் நிற்காவிட்டால், பீய்ச்சி அடித்தால், ஓரங்கள் விலகி வாய் பிளந்து நின்றால், விரல் மரத்துப்போனால், மடக்க வரவில்லை என்றால், கழுத்தில், முகத்தில், மூட்டில் பட்டிருந்தால். இவற்றில் பாதியை, காயம் பழகிப்போனவர் 'இது ஒண்ணுமில்ல' என்று தள்ளிவிடுவார். தைக்க வேண்டியதை அன்றே தைத்தால்தான் நல்லது. நாளை என்று தள்ளினால் தொற்று வைக்க வாய்ப்பு கூடும், தழும்பும் அகலும். கடைசியாக டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்று நினைவில்லாவிட்டால் அதையும் கேட்டுப் போட்டுக்கொள்ள வேண்டும். தைப்பதற்கு முன் 'மரத்துப்போற ஊசி போட்டுட்டுத் தையுங்க' என்று சொல்வது கெஞ்சல் அல்ல. காயம்பட்டவரின் குரல் எழும்பாத நேரம் அது. உடன் வந்தவர் சொல்லலாம்.

இதுவரை சொன்னது தோலில் பட்ட காயத்துக்கு மட்டும். மாத்திரையோ பூச்சிமருந்தோ வேறெதுவோ விழுங்கியிருந்தால் வீட்டு முதலுதவி என்று ஒன்று கிடையாது. சாகும் எண்ணம் இருந்ததா, எவ்வளவு விழுங்கினார் என்பதெல்லாம் பிறகு. உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. 108ஐ அழைத்து, டப்பாவையோ அட்டையையோ கையோடு எடுத்துக்கொண்டு உடனே போக வேண்டும். 'நல்லாத்தானே இருக்கேன்' என்று அவர் சொல்வது எதையும் நிரூபிக்காது. சில மருந்துகள் ஈரலைக் கெடுப்பது வெளியே தெரியவே இரண்டு மூன்று நாள் ஆகும், அதற்குள் மாற்றுமருந்தின் நேரம் கடந்துவிடும்.

காயப்படுத்திக்கொள்வதையே 'பாதுகாப்பாக'ச் செய்யலாம் என்று ஒரு வாதம் மேற்கில் எழுந்ததுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பழக்கம் ஆழத்தைக் கூட்டும். உடலின் கணக்கு நம் கணக்குப்படி நடக்காது. பட்ட பிறகு அதைப் பார்த்துக்கொள்வது வேறு. அதற்கு எந்த நிபந்தனையும் இருக்கக் கூடாது.

5

அமெரிக்க மனநல மருத்துவர் அர்மாண்டோ ஃபவாஸா 1987இல் எழுதிய நூல் ஒன்று, பண்பாடுகள் அங்கீகரித்த உடற்காயங்களையும் அங்கீகரிக்காதவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. சடங்காகச் செய்யப்படுவது சமூகத்தைக் குணப்படுத்துகிறது, தனியே செய்யப்படுவது நோய் என்று பிரித்துவிடுவது எளிது. அவர் இரண்டுக்கும் நடுவே ஓடும் ஒரு பொது இழையைத் தேடினார். நமக்கு அலகு குத்துதல் புதிதல்ல. பங்குனி உத்திரத்திலும் பத்துமலைத் தைப்பூசத்திலும் கன்னத்தைத் துளைத்து வேல் போகிறது. இரண்டையும் ஒன்றென்று நான் சொல்லவில்லை. நேர்ந்துகொண்டு விரதமிருந்து செய்பவரை நோயாளியாக்குவது அபத்தம். நான் பார்க்கச் சொல்வது காவடி எடுப்பவரை அல்ல, அவரைச் சுற்றி நடப்பவர்களை. ஒருவர் தண்ணீர்ச் செம்போடு வருகிறார். ஒருவர் முதுகுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டே நடக்கிறார், விழுந்தால் பிடிக்க. ஒருவர் முகத்தையே பார்த்துக்கொண்டு வருகிறார். வேலை உருவியதும் விபூதியை வைத்து அழுத்தக் கை தயாராக இருக்கிறது. (விபூதிக்குப் பதில் சுத்தமான துணி என்பேன், போகட்டும்.) 'ஏன் செஞ்சே?' என்று அங்கே யாரும் கேட்பதில்லை. அவர் காயத்தோடு தனியாக இல்லை. தற்காயத்தில் பூட்டிய குளியலறை, ஓடவிட்ட குழாயின் சத்தம், மறைத்துத் துவைத்த துணி. காயத்தின் அளவு ஒன்றாகவே இருக்கலாம். சுற்றி நடப்பவர்கள் இல்லை.

சகாக்களின் துணை என்பது இந்தச் சுற்றி நடப்பதுதான். அதைச் செய்ய மனநல மருத்துவராக இருக்க வேண்டியதில்லை. அதே அனுபவம் உள்ளவராக இருந்தால் சில விஷயங்கள் எளிது, சில கடினம். எளிது எதுவென்றால், விளக்க வேண்டியதில்லை. கடினம் எதுவென்றால், ஒருவர் காயம் மற்றவர் காயத்தை எழுப்பிவிடும். எனவே தங்களுக்குள் சந்தித்துக்கொள்பவர்கள் சில கட்டுப்பாடுகளை வைத்துக்கொள்வது நல்லது. புதுக் காயத்தைக் காட்டிக்கொள்வதில்லை, படம் அனுப்புவதில்லை. எதைக் கொண்டு, எப்படி என்று விவரிப்பதில்லை. அதற்கு முன் என்ன நடந்தது, இப்போது எப்படி இருக்கிறது என்று பேசலாம். யாருடையது ஆழம் என்ற ஒப்பீடு எந்த வடிவத்திலும் வேண்டாம்; 'என்னோடது ஒண்ணுமே இல்ல' என்ற அடக்கமும் அதே போட்டியின் மறுபக்கம்தான்.

அனுபவம் இல்லாத நண்பர், அக்கா, அறைத்தோழர் என்ன செய்வது? முதலில் கட்டுப் போடுவது. பேச்சு அப்புறம். 'வலிக்குதா?' என்பது 'ஏன்?' என்பதைவிட நல்ல கேள்வி. சத்தியம் வாங்காதீர்கள். 'இனிமே செய்யமாட்டேன்னு என் தலையில அடிச்சுச் சொல்லு' என்பது நம் குடும்பங்களின் நிரந்தர மருந்து. அது காயத்தை நிறுத்துவதில்லை, அடுத்த காயத்தை ஒளிக்க வைக்கிறது. எழுதி வாங்கும் ஒப்பந்தங்கள் பலன் தருவதற்கு ஆதாரமும் இல்லை. அதற்குப் பதில், கை பரபரக்கும்போது யாரைக் கூப்பிடலாம், யார் பக்கத்தில் உட்காரலாம், எங்கே நடக்கப் போகலாம் என்று தெளிவான மனநிலையில் இருக்கும்போதே பேசி வைக்கலாம். அலை ஏறினால் இறங்கும். பெரும்பாலும் இறங்கும்வரை ஒருவர் பக்கத்தில் இருப்பதுதான் தேவை. ஆபத்தான பொருட்களையும் மாத்திரைகளையும் அப்புறப்படுத்துவதை அவரோடு பேசி, அவர் சம்மதத்தோடு செய்தால் நிற்கும். அறையைச் சோதனை போட்டுச் செய்தால் அது இன்னொரு போலீஸ். உயிருக்கு ஆபத்து என்ற நிலையில் மட்டும் இந்தச் சம்மதக் கணக்கு தள்ளிப்போகும்.

அந்த நிலையா என்று அறிய ஒரே வழி நேராகக் கேட்பது: 'செத்துப்போயிடணும்னு தோணுதா?' கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. கேட்கப்பட்டவர்கள் பெரும்பாலும் இறுக்கம் தளர்கிறார்கள். 'ஆமாம்' என்று பதில் வந்தால், எப்படி, எப்போது என்று யோசித்து வைத்திருப்பது தெரிந்தால், அவரைத் தனியாக விடக் கூடாது, அன்றே மருத்துவ உதவிக்குப் போக வேண்டும். 'யார்கிட்டயும் சொல்லாதே' என்ற வாக்கை இந்த இடத்தில் மீறலாம், மீற வேண்டும். முன்கூட்டியே 'எல்லாத்தையும் ரகசியமா வச்சுக்குவேன், உயிர் போற விஷயம் தவிர' என்று சொல்லி வைத்திருந்தால் அது துரோகமாகாது.

மருத்துவத்தை இவ்வளவு விமர்சித்துவிட்டு அங்கேயே அனுப்புகிறீர்களே என்று கேட்கலாம். பிரிட்டனில் அந்தப் பெண்களும் மருத்துவமனையைப் புறக்கணிக்கச் சொல்லவில்லை. அதை ஒழுங்காக நடக்கச் சொன்னார்கள். உரையாடல் வழிச் சிகிச்சைகள் பலருக்கு உதவுகின்றன. நட்பு அவற்றுக்கு மாற்று அல்ல. எதிர்-மனநல மருத்துவம் பற்றி எழுபதுகளின் நூல்களைப் படித்துவிட்டு, மாத்திரையை நிறுத்து என்று நண்பனுக்கு ஆலோசனை சொல்பவர்களை நம் வட்டாரத்திலேயே பார்க்கலாம். கோட்பாடு அவர்களுடையது, பின்விளைவு நண்பனுடையது.

தழும்பு பற்றிக் கொஞ்சம். அது முதிர்ந்து வெளிறுவதற்கு ஓராண்டும் ஆகும், மேலும் ஆகும். சிலிகான் ஜெல் தடவுவது, வெயில் படாமல் காப்பது, ஆறிய பின் மெல்ல நீவி விடுவது உதவும். முழுவதும் அழிக்கும் களிம்பு என்று விற்கப்படுவதை நம்ப வேண்டாம். பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கும்போது, வேலைக்கான நேர்காணலில், பெண் பார்க்க வந்த கூடத்தில் யாராவது கேட்பார்கள். பதில் சொல்லும் கடமை கிடையாது. 'பழைய காயம், ஆறிடுச்சு' என்பது பொய்யும் அல்ல. உடலைப் பிரதியாகப் படிக்கப் பழகிய நாமும் இங்கே கொஞ்சம் கண்ணை எடுத்துக்கொள்ளலாம். எல்லாப் பிரதியும் வாசகனை வேண்டி எழுதப்பட்டது அல்ல.

பக்கத்தில் இருப்பவரும் களைத்துப்போவார். இரவு இரண்டு மணிக்கு நான்காவது முறையாக அழைப்பு வரும்போது எரிச்சல் வருவது இயல்பு. அதற்காகத் தன்னை வெறுக்க வேண்டாம். ஒருவரே தாங்காமல் இரண்டு மூன்று பேராகப் பங்கிட்டுக்கொள்வது, 'இன்னிக்கு என்னால முடியல, நாளைக்குக் காலையில வர்றேன்' என்று சொல்லிவிட்டுச் சொன்னபடி வருவது இதெல்லாம் முதலுதவியின் பகுதிதான். 2022இல் தொடங்கிய டெலி மானஸ் அரசுச் சேவையின் எண் 14416. இரவு பகல் எந்நேரமும், தமிழிலும் பேசலாம். சென்னையில் 1986 முதல் ஸ்நேகா அமைப்பு இருக்கிறது. இலங்கையில் தேசிய மனநல உதவி எண் 1926. பாதிக்கப்பட்டவர் மட்டுமல்ல, கட்டுப் போட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டிருப்பவரும் 14416ஐ அழைக்கலாம்.